வரப்பு வரைக்கும்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. மழைக்கு டவர் போய்விட்டது என்று அப்புறம் செய்தி அனுப்பினேன். டவர் போகவில்லை. நான்தான் கட் செய்தேன். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போனபின், அரிசி மூட்டை மேல் நோட்டை வைத்துக்கொண்டு மூன்று நாளாக இதை எழுதுகிறேன். முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். உன் அறையில் இருக்கும் மற்ற பையன்களுக்கும் படித்துக் காட்டு, அவர்களுக்கும் வீட்டில் அம்மா இருப்பாள். எட்டாவது படிக்கும்போது நீ எழுதிய அரைப்பக்கக் கட்டுரை போல இது சீக்கிரம் முடியாது. சாப்பிட்டுவிட்டுப் படி.

நம் மலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் உன் அப்பாவின் பிக்கப்பில், குச்சிக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வளர்ந்தவன் நீ. அப்புறம் நாமக்கல் லாரி, அப்புறம் போலந்து. அங்கே ரோடு நேராகப் போகிறது, வளைவே இல்லாததால் தூக்கம் வருகிறது என்று முதல் மாதம் குறைப்பட்டுக்கொண்டாய். எனக்கு அதைக் கேட்டுச் சிரிப்பாக இருந்தது. இப்போது நீ ஓட்டுவது என்ன லோடு என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கம்பளி, மருந்து, ஜெனரேட்டர் எல்லாம் ஏற்றி உக்ரைன் எல்லைக்குப் பக்கத்தில் ஒரு யார்டு வரை போகிறாய். அங்கே பின்பெட்டியைக் கழற்றி விடுகிறாய். அந்தப் பக்கத்திலிருந்து வரும் டிரைவர் தன் வண்டியில் அதை மாட்டிக்கொண்டு உள்ளே போகிறார். ஒரு வயதான டிரைவர் ஒருநாள் தன் வண்டியின் பக்கத்து சீட்டைத் தட்டிக் காட்டி, நீயும் ஏறு என்று சைகை செய்து சிரித்தார் என்றாய். அடுத்த வாரம் அவர் வரவில்லை, வேறு ஒருவர் வந்தார். பெரியவருக்கு என்ன ஆனது என்று கேட்க உனக்கு மொழி தெரியவில்லை.

இப்போது உன் ஆபீசில், எல்லையைத் தாண்டி ஓட்ட யார் தயார் என்று கேட்கிறார்கள். நீ என்னிடம் இரண்டு கேள்வி கேட்டாய். "போவட்டுமாம்மா?" என்பது ஒன்று. "இத்தன நாடு இருக்குது, சாமானம் மட்டும் அனுப்பறாங்க. ஒருத்தருமே அந்தக் கோட்டத் தாண்ட மாட்டீங்கறாங்களே, ஏம்மா?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு அஞ்சி போனை வைத்தேன் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு இரண்டாவதுதான் குத்தியது.

பள்ளிக்கூடத்துக்கு வரும் பேப்பரை நான் விடாமல் படிக்கிறவள், உனக்குத் தெரியும். ரஷ்யா படையெடுத்துப் போன அன்றே, குறுக்கே வருகிறவர்கள் இதுவரை பார்க்காததைப் பார்ப்பார்கள் என்று எச்சரித்தது. என்ன என்று விளக்கிச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, கிடங்கில் அணுகுண்டு இருப்பது உலகத்துக்கே தெரியும். அதனால் மற்ற நாடுகள் முதலில் தலைக்கவசம், கட்டுத்துணி என்று கொடுத்தன. அப்புறம் துப்பாக்கி. பீரங்கி வண்டி கொடுத்தால் அவன் கோபப்படுவானோ என்று பல மாதம் யோசித்துக் கொடுத்தன. விமானத்துக்கும் அதே யோசனை. கொடுத்ததையும் உன் நிலத்துக்குள்ளேயே வைத்துச் சுடு, அவன் நிலத்தில் சுடாதே என்றன. ஆள் மட்டும் அனுப்பவில்லை. இதையெல்லாம் படிக்கப் படிக்க, எங்கேயோ நடப்பதைப் படிக்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. இது நம் மலையின் அரியூர் நாட்டில், உன் சின்னம்மா பாவாயியின் வயலில் நடந்தது. நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

உனக்கு அப்போது ஆறு வயது. சித்தப்பாவிடம் அவர் அப்பன் காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்றி விரட்ட வைத்திருந்தது. உரிமம் இல்லாத துப்பாக்கியைத் தாமாகக் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்று போலீஸார் ஊர் ஊராக வந்து சொன்னார்கள். சித்தப்பாவுக்கு மனசில்லை. துப்பாக்கி கையை விட்டுப் போய்விட்டால் எங்களுக்கு யார் காவல் என்றார். ஊர் கூடியது. மாரியம்மன் கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, துப்பாக்கி கொடுத்த வீட்டுக்கு ஊரே காவல் என்று ஒவ்வொருவராக உள்ளங்கையால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார்கள். அவர்களுக்கு மேல்வயல்காரர், நாம் மேக்காட்டார் என்று கூப்பிடுவோமே, அவரும் அணைத்தார். அப்படியும் சித்தப்பா யோசித்தார். கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது நான். நாங்க இல்லீங்களா, கொடுத்துடுங்க என்று சொன்னது நான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த மனுஷன் நம்பினார். உக்ரைனிடமும் முன்பு அணுகுண்டுகள் இருந்தன, காகிதத்தில் உறுதி வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டது, உறுதி கொடுத்தவர்களில் ரஷ்யாவும் ஒன்று என்று பேப்பரில் படித்த அன்று, எனக்குப் பருப்பு அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை.

மூன்று வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் வருஷம் நாற்று விடும் சமயத்தில் மேக்காட்டார் தன் இரண்டு மகன்களோடு இறங்கி, எல்லைக்கு நட்ட அத்துக்கல்லைப் பிடுங்கி, சின்னம்மாவின் படிக்கட்டு வயலில் இரண்டு தட்டு தாண்டிக் கீழே நட்டுக்கொண்டார். தண்ணீர் முதலில் விழுகிற தட்டு அவை இரண்டும். அவை போனால் மீதியும் தரிசுதான். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். எவராவது கல்லை நகர்த்திவிட்டால் வீட்டுக்கு ஓர் ஆள் கடப்பாரையோடு போய்ப் பழைய குழியிலேயே கல்லை நட்டு, அதே வயலில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். யாரும் கை ஓங்க வேண்டியதில்லை. அத்தனை பேர் வந்து நின்றாலே நகர்த்தியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். அன்றைக்கும் போனார்கள். உன் அப்பாவும் போனார். நான் பின்னால் சோற்றுப் பாத்திரத்தோடு போனேன்.

மேக்காட்டார் எதிர் வரப்பில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மரியாதையாகத்தான் பேசினார். "வாங்க, வாங்க. பன்னித் தொல்லைக்கு அங்கங்க அவுட்டுக்காய் போட்டிருக்கறனுங்க. எங்கெங்க போட்டன்னு எனக்கே முழுசா நெனப்பில்லீங்க. பாத்து நடங்க."

உன் நண்பர்களுக்கு அவுட்டுக்காய் தெரியாது, சொல்லிவிடு. வெடிமருந்தும் சின்னக் கல்லும் வைத்து உருண்டையாகச் சுற்றி, மேலே கொழுப்பைப் பூசிப் பன்றி வரும் தடத்தில் போடுவது. பன்றி கடித்தால் தாடை போய்விடும். மாடு கடித்தாலும் அப்படித்தான், மனிதன் மிதித்தால் கால். அதற்கு முந்தின வருஷம்தான் மேக்காட்டார் காட்டோரம் ஒரு பன்றி அப்படிச் செத்துக் கிடந்தது, அதனால் அவரிடம் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இந்த வயலில் இருக்கிறதா என்பதுதான் தெரியாது. கடப்பாரையோடு போன அத்தனை பேரும் வரப்பிலேயே நின்றார்கள். ஒருவர் காலும் சேற்றில் படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து யாரோ, கூடிப் பேசிவிட்டு வரலாம் என்றார். எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது.

கூடிப் பேசினார்கள். பேசியதில் குறை சொல்ல முடியாது. மேக்காட்டார் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது, அவர் மிளகுக்கு யாரும் பறிக்கப் போகக்கூடாது என்று முடிவானது. ஆனால் ஊரிலேயே பவர் டில்லர் அவரிடம் மட்டும்தான் இருந்தது. காலையில் அவர் முகத்தில் முழிக்காதவர்கள் சாயங்காலம் டில்லர் கேட்டுப் பின்வாசலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சின்னம்மாவுக்கு ஒரு வீட்டில் சாமை கொடுத்தார்கள், ஒரு வீட்டில் ராகி. ஒருவர் முள்கம்பி கொடுத்தார், ஆனால் மிச்சமிருக்கிற உங்கள் பக்கத்தில் மட்டும் கட்டிக்கொள்ளுங்கள், எடுத்துக்கொண்ட பக்கம் நான் கொடுத்த கம்பி போகக்கூடாது என்றார். நாய் கொடுத்தவர் இரவல் என்றார். நிலத்தை அளந்து கல் நடச் சொல்லி மனு எழுதியது நான். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் பாராட்டினார்கள். அளக்க ஆள் வந்தாலும் சங்கிலி பிடித்து வயலுக்குள் நடக்க இங்கிருந்து ஓர் ஆள் வேண்டும். அந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை.

நான் தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் களியும் கீரையும் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு வருவேன். ஒருநாள் சித்தப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். பாவாயி தனியாக நடவு நட்டுக்கொண்டிருந்தவள், என்ன நினைத்தாளோ, நாற்று முடியை எடுத்துக்கொண்டு புதுக் கல்லைத் தாண்டிப் பறிபோன தட்டுக்குள் இறங்கிவிட்டாள். மேக்காட்டார் மகன்கள் எதிர் வரப்பில் நின்று பார்த்தார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர் இந்த வரப்பில் நின்று பார்த்தோம். குனிந்த தலை நிமிராமல் மூன்று வரிசை நட்டாள். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"சோறு மட்டுந்தான் வருமாக்கா? நீங்க வரமாட்டீங்களா?"

நான் பாத்திரத்தை வரப்பில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். உண்மையில் அன்றைக்கு நேரம் ஆகவில்லை. மறுநாள் அந்த மூன்று வரிசை நாற்றையும் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கம் இறங்கவில்லை. இரண்டு தட்டும் இன்றுவரை திரும்பவில்லை.

இனி நான் உன்னிடம் சொல்லாமலே இருந்துவிட்டதைச் சொல்கிறேன். அந்தக் கோடையில் நம் ஊரில் மூன்று வீட்டுக்கு அவுட்டுக்காய் வந்தது. துப்பாக்கியைக் கொடுத்தவன் ஏமாந்தான், வெடியை வைத்திருக்கிறவன் வாழ்கிறான் என்றுதான் ஊர் புரிந்துகொண்டது. மூன்றில் ஒரு வீடு நம் வீடு. உன் அப்பா இரண்டு வாங்கிவந்து மஞ்சள் துணியில் சுற்றி, தலைக்கு மேல் அட்டாலிப் பரணில் மிளகுக் கூடைக்குள் வைத்தார். வைத்துவிட்டு டீக்கடையில் யாரிடமோ ரகசியம் போலச் சொல்லிவிட்டும் வந்தார். ஒருத்தருக்கும் தெரியாமல் வைத்திருந்தால் அதனால் என்ன பிரயோஜனம். மேக்காட்டார் நம் வயல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அட்டாலியில் இருந்ததால்தான் என்று உன் அப்பா இன்றும் சொல்கிறார். இருக்கலாம். மேக்காட்டாருக்கு நம் வயல் மேல் ஆசையே இல்லாமலும் இருந்திருக்கலாம். நடக்காமல் போன ஒன்றுக்கு யார் சாட்சி சொல்ல முடியும்?

பலாக்கொட்டை எடுக்க அட்டாலியில் ஏறியதற்காக அம்மா விளக்குமாற்றால் அடித்தாள் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாயே. கல்யாண வீட்டில்கூட என் எதிரிலேயே சொன்னாய், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பலாக்கொட்டைக்காக நான் உன்னை அடிக்கவில்லை சாமி. அன்றைக்கு நீ அந்த மஞ்சள் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்னம்மா, பந்தா என்று கேட்டாய். திருஷ்டிக்குக் கட்ட வைத்தது, கீழே போடாமல் கொடு என்று கேட்டு வாங்கினேன். வாங்கி வைத்த பிறகு விளக்குமாற்றை எடுத்தேன். அந்தப் பயத்தில்தான் உன்னை அடித்தேன். உன் அப்பா அன்றைக்கே இரண்டையும் தண்ணீரில் ஊறப்போட்டு ஓடைப்பக்கம் புதைத்தார். பதினோரு மாதம் நீ அதற்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறாய். எதிரிக்கென்று வாங்கிய பயம் முதலில் என் பிள்ளையின் கைக்குத்தான் வந்தது.

இரண்டு வருஷம் முன்பு மேக்காட்டார் இறந்து போனார். அவர் மூத்த மகன் அந்த இரண்டு தட்டையும் ஒன்றாக்க ஜேசிபி கொண்டுவந்தான். ஊரே தள்ளி நின்று பார்த்தது. முழுக்கப் புரட்டிப் போட்டார்கள். ஒன்றுகூட இல்லை. இதைக் கேட்டதும் உனக்கு ரத்தம் சூடாகும், தெரியும். வெறும் பேச்சுக்குப் பயந்தீர்களா, அன்றே இறங்கியிருக்கலாமே என்பாய். நானும் அப்படித்தான் நினைத்து ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தேன். ஆனால் நம் வீட்டுக்கு அவுட்டுக்காய் வந்த அந்தக் கோடையில் வாழவந்தி நாட்டில் ஒரு பசுமாட்டின் வாய் கிழிந்து தொங்கியதையும் பார்த்தவள் நான். பாவம், நாலு நாள் உயிரோடு இருந்தது. இல்லை என்று இப்போது சொல்வது சுலபம். அன்றைக்கு இல்லை என்று நம்பி முதல் காலை வைக்கிறவன் யார் பிள்ளை? இங்கே ஒரு கால் போயிருக்கும். அங்கே ஒரு நகரம் போய்விடும் என்கிறார்கள், அப்புறம் இன்னொன்று. அதனால் ஆள் அனுப்பாத நாடுகளைக் கோழை என்று என்னால் திட்ட முடியவில்லை. சரியாகச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியவில்லை. இன்னொன்றும் யோசித்தேன். இவ்வளவு சாமான் உன் யார்டு வழியாகப் போவது தெரிந்தும் அந்த யார்டின் மேல் குண்டு விழவில்லை என்றால், இந்தப் பக்கத்துக்காரர்களிடமும் அதே குண்டு இருக்கிறது என்ற பயம்தான் காரணம் என்கிறார்கள். உன்னை உயிரோடு வைத்திருப்பதும் அந்தப் பெரியவரைத் தனியாக உள்ளே போக வைப்பதும் ஒரே பயம். இதற்கு நன்றி சொல்வதா, வயிற்றெரிச்சல் படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. ஊர் கூடிப் பேசிய மறுநாள் காலை உன் அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு, கடப்பாரையை எடுத்துக்கொண்டு, நான் ஒருத்தனாவது இறங்குகிறேன் என்று கிளம்பினார். நான் வாசலை மறித்து நின்றேன். "ஏனுங்க, பையனுக்குப் பத்து வயசுங்க" என்றேன். கடப்பாரையைக் கதவு மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். இதை நானும் வெளியில் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். போகாதே கண்ணு. சாமானை யார்டு வரைக்கும் கொண்டுபோய் விடு, அதுவும் பெரிய வேலைதான், அதற்குமேல் போகாதே. எழுதிவிட்டேன். எழுதும்போதே தெரிகிறது, அன்றைக்கு ஊரில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாரோ ஒருத்தி இதையேதான் சொல்லியிருப்பாள். நீ கேட்ட இரண்டாவது கேள்விக்கும் எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

இதை அப்படியே அனுப்ப மனசு வரவில்லை. நேற்றுக் காலை நோட்டை எடுத்துக்கொண்டு பாவாயியின் வயலுக்குப் போனேன். களை பறித்துக்கொண்டிருந்தாள். வரப்பில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக் காட்டினேன், உன் அப்பாவை நான் மறித்தது உட்பட. அவள் கை நின்றுவிட்டது.

"மாமாதான் பயந்துக்கிட்டாருன்னு இத்தன வருசமா அவருகூட மொகங்குடுத்தே பேசலையேக்கா" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. திரும்பக் களை பறிக்க ஆரம்பித்தாள். ஒரு வரிசை முடித்து அடுத்த வரிசைக்கு வந்த பிறகுதான் பேசினாள்.

"போவேண்டாம்னே எழுதுங்க. நம்ம சாமி போவேண்டாம். ஆனா வண்டி எடுக்க வர்ற ஆளுகிட்ட, நான் வரமாட்டேன், எனக்குப் பயமா இருக்குதுன்னு மூஞ்சியப் பாத்துச் சொல்லிப்போடச் சொல்லுங்க. நீங்க எங்கிட்டச் சொல்லலீங்கக்கா. பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சுன்னு போயிட்டீங்க."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். அந்த டிரைவர்களின் மொழியில் இதற்கு என்ன வார்த்தை என்று நீதான் யாரிடமாவது கேட்டுப் படித்துக்கொள்ள வேண்டும்.

உன் அம்மா